மழை முகட்டுக்கு எந்தப் பக்கம்? ஹோட்டன் சமவெளிக்குக் கூடாரத்தோடு போகிறவர்களுக்கு

ஹோட்டன் சமவெளிக்குப் புறப்படும்போது கையில் இரண்டு திட்டங்கள் இருக்கட்டும்: ஒன்று சமவெளியில், மற்றது மலைமுகட்டுக்குக் கிழக்கே. இலங்கையின் மலைநாட்டில் ஓரிடத்தில் மழையென்றால் எல்லா இடத்திலும் மழை என்று பொருளில்லை. பதுளை ரயில் பட்டிப்பொலவைத் தாண்டி, ஏறக்குறைய 1,898 மீற்றர் உயரத்தில் முகட்டைத் துளைத்துச் செல்லும் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். தூறலில் உள்ளே போன ரயில் மறுபக்கம், ஒகிய நிலையத்தை நோக்கி, வெயிலில் வெளியே வருவதுண்டு. உங்கள் மாற்றுத் திட்டம் இந்த முகட்டை நம்பித்தான்.

எந்த மாதம், எந்தப் பக்கம்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும். கிழக்கே ஊவாப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும், காற்றுத்தான் பலமாக வீசும். டிசம்பரில் தலைகீழ்: பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை கொட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை சமவெளியில் வானம் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இரவுக் குளிர் கடுமை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழைதான். அப்போது கூடாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு அறை பதிவுசெய்யுங்கள்.

சமவெளியில்

கூடாரமடிக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். ஆகவே உடுப்பைச் சொப்பிங் பையில் சுற்றும் பழக்கம் இங்கே செல்லாது. வாய் சுருட்டி மூடும் கனத்த நீர்புகாப் பை ஒன்று வாங்குங்கள். படுக்கும்போது போடும் உடுப்பும் கம்பளிக் காலுறையும் அதற்குள் இருக்கட்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அவற்றைத் தொடாதீர்கள். விறகை நம்பாமல், சமைக்காமல் உண்ணக்கூடியதைக் கொண்டுபோங்கள். உணவைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் மரைகள் தேடி வரும்.

நடைபாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர் சுற்று. மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். கிட்டத்தட்ட 880 மீற்றர் செங்குத்தாக இறங்கும் ‘உலக முடிவு’ விளிம்பைக் காலை 9 மணிக்குமேல் மூடுபனி மறைத்துவிடுவது வழக்கம். விடியும்போதே மூடியிருந்தால் அங்கே போய்க் காத்து நிற்க வேண்டாம். ஈரப்பாறையும் மறைந்த விளிம்பும் ஆபத்து. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு மட்டும் போய்த் திரும்புங்கள். மழை நாளில்தான் அதற்கு முழு அழகு. ஆனால் நீருக்குள் இறங்காதீர்கள்.

கிழக்கே இறங்கினால்

முதல்நாள் மாலையிலேயே கூடாரத்துக்குள் ஈரம் ஏறிவிட்டால் இரண்டாம் இரவுக்குப் பிடிவாதம் வேண்டாம். ஒகியவில் ரயிலேறி அப்புத்தளைக்குப் போய் அறை எடுங்கள். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனால், அங்கிருந்து ‘லிப்டன் சீட்’ காட்சிமுனை வரை சுமார் 7 கிலோமீற்றர் தோட்டப் பாதை. 1890-இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அது. வழியெங்கும் மலையகத் தமிழர் வாழும் லயங்கள். பாதையையும் வானிலையையும் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். காட்டோரத்தில் அட்டை ஏறும். காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அங்கேயும் மேகம் இறங்கினால் இன்னும் கீழே எல்லவுக்குப் போங்கள். 1,141 மீற்றர் உயரமுள்ள ‘லிட்டில் ஆதாம்ஸ் பீக்’ எளிதான நடை. செங்குத்தான ‘எல்ல ரொக்’ பாதை நனைந்தால் வழுக்கும். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எப்போது முழுவதும் கைவிடுவது

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மஞ்சள், அம்பர், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும். மஞ்சளென்றால் சரிவுகளை விட்டு விலகித் தங்குங்கள். அம்பர் அல்லது சிவப்பென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ரயில் ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்காமல் மாற்றுத் திட்டத்தில் இறங்காதீர்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. தொலைபேசியில் சார்ஜ் இருக்கும்போதே, எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். திட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் அதையும் மாற்றிச் சொல்லுங்கள்.