விளையாட்டுக் கருவியின் ஒளியும் ஒலியும்: ஒரு மின்னணுவியல் ஆய்வு

முன்னுரை

திரிந்த பாலை மீண்டும் பாலாக்க இயலாது. திரியுமுன் காப்பதொன்றே வழி. மின்னணுவியலில் சைகைகளின் நிலையும் இதுவே. ஒருமுறை கலந்து மங்கிவிட்ட படத்தைப் பின்னர் எத்துணை விலையுயர்ந்த கருவியைக் கொண்டும் முழுமையாக மீட்க முடியாது. இவ்வெளிய உண்மையை விளக்குவதற்குப் பழைய வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்று நமக்கு நல்ல பாடமாக அமைகிறது.

1977ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் ‘வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம்’ என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1982இல் அதற்கு ‘அட்டாரி 2600’ என்ற பெயர் வழங்கப்பட்டது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே விளையாட்டுக் களமாக மாற்றிய கருவிகளுள் இது புகழ்பெற்றது. அக்காலத்து வீட்டுப் பெட்டிகளில் படம் நுழைவதற்கு இருந்த வாயில் பொதுவாக ஒன்றே. அதுதான் ஆன்டெனா இணைப்பு. ஆகவே இக்கருவியும் ஒரு சிறு ஒளிபரப்பு நிலையத்தைப் போலத் தன் படத்தை வானொலி அலையில் ஏற்றியே அனுப்ப வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் முழுத்திறன் ஒளிபரப்பு நிலையங்கள் 2009ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் பழைய அனலாக் முறையைக் கைவிட்டன. ஆன்டெனா வாயிலுக்கு அன்றிருந்த தேவை இன்றில்லை. எனவே பழங்கருவிகளைப் பேணுவோர், படத்தையும் ஒலியையும் வானொலி அலையில் ஏற்றாமல் நேரடியாக வெளியே எடுக்கும் மாற்றத்தைச் செய்கின்றனர். அம்மாற்றம் எவ்வாறு பயன் தருகிறது, எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

படம் பிறக்கும் இடம்

இக்கருவியில் படத்தை உண்டாக்குவது ‘டி.ஐ.ஏ.’ என்னும் ஓர் ஐ.சி. சில்லு. இதனை வடிவமைத்த குழுவின் தலைவர் ஜே மைனர். கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட்டு மட்டுமே. முழுப் படத்தையும் சேமித்து வைக்க அதில் இடமில்லை. ஆகையால் திரையின் ஒவ்வொரு வரியும் வரையப்படும் அந்நேரத்திலேயே ஆணைகளைப் பெற்று, இச்சில்லு படத்தை உருவாக்குகிறது.

இதன் கடிகாரத் துடிப்பு நொடிக்கு 35,79,545 முறை. இது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையின் நிறத்துணை அலையின் அதிர்வெண்ணே ஆகும். ஒரு வரிக்கு 228 துடிப்புகள். அவற்றுள் 160 துடிப்புகளில் மட்டுமே படம் தெரியும். கணக்கிட்டால், ஒரு வரிக்கு ஆகும் காலம் ஏறத்தாழ 63.7 மைக்ரோ நொடி. அதில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 44.7 மைக்ரோ நொடி.

நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இச்சில்லிலிருந்து படம் ஒரே கம்பியில் வெளிவருவதில்லை. ஒளிர்வைக் காட்ட மூன்று முனைகள், நிறத்தைக் காட்ட ஒரு முனை, ஒத்திசைவுத் துடிப்புக்கு ஒரு முனை, ஒலிக்கு இரண்டு முனைகள் எனத் தனித்தனியே வெளிவருகின்றன. மூன்று ஒளிர்வு முனைகளால் 8 ஒளிர்வு நிலைகள் கிடைக்கின்றன. நிற முனையில் துணை அலையின் கட்டத்தை முன்பின்னாக நகர்த்துவதன் மூலம் 15 நிறச் சாயல்களும், நிறமற்ற சாம்பல் ஒன்றும் கிடைக்கின்றன. ஆக 16 × 8 = 128 வண்ணங்கள். பிறக்கும்போது படம் தெளிவாகவே பிறக்கிறது என்பது இதனால் விளங்கும்.

படம் கெடும் வழி

அவ்வாறாயின் திரையில் படம் மங்குவது ஏன்? வழியில் நேரும் மூன்று நிகழ்ச்சிகளே காரணம்.

முதலாவது, கலப்பு. ஒளிர்வும் நிறமும் ஒத்திசைவும் மின்தடைகளின் வழியே ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. இரண்டாவது, பண்பேற்றம். கலந்த சைகை, 2 அல்லது 3ஆம் அலைவரிசைக்குரிய ஊர்தி அலையில் ஏற்றப்படுகிறது. 3ஆம் அலைவரிசையாயின் படத்தின் ஊர்தி அலை 61.25 மெகா ஹெர்ட்ஸ். ஒலியோ முதலில் 4.5 மெகா ஹெர்ட்ஸ் அலையில் ஏற்றப்பட்டு, பின்னர் படத்தோடு சேர்கிறது. மூன்றாவது, பிரித்தல். தொலைக்காட்சிப் பெட்டி தன் அலைவரிசைத் தேர்வியால் இவ்வலையைப் பிடித்து, பண்பிறக்கம் செய்து, ஒளிர்வையும் நிறத்தையும் ஒலியையும் மீண்டும் பிரிக்க முயல்கிறது.

கலந்ததைப் பிரிப்பது கலப்பதைப் போல் எளிதன்று. நிறத்துணை அலை 3.58 மெகா ஹெர்ட்ஸ் அருகே அமைந்திருப்பதால், பெட்டி அப்பகுதியை ஒளிர்விலிருந்து வடிகட்டி நீக்குகிறது. நிறத்தோடு ஒளிர்வின் நுண்ணிய பகுதியும் போய்விடுகிறது. உருவங்களின் விளிம்புகள் மழுங்குகின்றன. வடிகட்டியிலிருந்து தப்பிய நிற அலையோ ஒளிர்வில் புகுந்து கோடுகளாகத் தெரிகிறது. ஒளிபரப்பில் ஒரு வரிக்கு 227.5 நிற அலைகள் இருப்பதால், அடுத்தடுத்த வரிகளில் இக்கோடுகள் எதிரெதிராக அமைந்து கண்ணுக்கு ஓரளவு மறைகின்றன. இக்கருவியிலோ வரிக்குச் சரியாக 228 அலைகள். எல்லா வரிகளிலும் அவை ஒரே இடத்தில் விழுவதால், கோடுகள் அசையாமல் நின்றுவிடுகின்றன. ஒலியும் தப்புவதில்லை, படத்தின் ஒளிமிகுந்த பகுதிகள் ஒலியில் கசிந்து ‘கிர்’ரென்ற இரைச்சலை எழுப்புவதுண்டு.

தலைமடையில் தெளிந்து ஓடும் நீர் கடைமடையில் கலங்கி வருவதற்கு ஒப்பானது இது. கடைமடையில் நின்று வடிகட்டுவதைவிடத் தலைமடையிலேயே நீரை எடுப்பது நன்று. நாம் காணவிருக்கும் மாற்றத்தின் தத்துவம் இதுவே.

மாற்றத்தின் முறை

மூன்று ஒளிர்வு முனைகளையும் ஏறத்தாழ 4 : 2 : 1 என்னும் விகிதத்திலுள்ள மின்தடைகளின் வழியே சேர்க்க வேண்டும். மிகச் சிறிய எடையுள்ள முனைக்கு மிகப் பெரிய மின்தடை பொருந்தும். ஒத்திசைவுத் துடிப்பும் இதனுடன் சேரும். இவ்வாறு கிடைக்கும் ஒளிர்வுச் சைகையையும், நிற முனையிலிருந்து வரும் நிறச் சைகையையும் கலக்காமல் இரு கம்பிகளில் கொண்டு சென்றால் அதுவே ‘எஸ்-வீடியோ’ இணைப்பு. அவ்வசதி இல்லாத பெட்டிக்கு இரண்டையும் கலந்து ‘காம்போசிட்’ சைகையாகத் தரலாம். அப்போது பண்பேற்றத்தின் கேடு நீங்கும். கலப்பின் கேடு எஞ்சும்.

சில்லின் முனையிலிருந்து நேரே கம்பி இழுத்துப் பெட்டியில் இணைத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்கலாம். போதாது. பெட்டியின் உள்ளீட்டு மின்தடை 75 ஓம். அங்கு உச்சிக்கு உச்சி 1 வோல்ட்டு சைகை வேண்டும். அதில் ஒத்திசைவுத் துடிப்பின் பங்கு ஏறத்தாழ 0.3 வோல்ட்டு. கம்பியின் தொடக்கத்திலும் 75 ஓம் மின்தடை வைப்பது முறையாதலால் பாதி மின்னழுத்தம் அதில் குறையும். ஆகவே மூலத்தில் 2 வோல்ட்டு தேவை. மொத்த மின்தடை 150 ஓம். எனவே மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம் 2 ÷ 150, அதாவது ஏறத்தாழ 13 மில்லி ஆம்பியர். சில்லின் மெல்லிய முனைகள் இச்சுமையைத் தாங்குவதற்கென அமைந்தவை அல்ல. எனவே இடையில் ஒரு டிரான்சிஸ்டரை ‘எமிட்டர் ஃபாலோயர்’ முறையில் வைக்கிறோம். அது மின்னழுத்தத்தைப் பெருக்குவதில்லை. மின்னோட்டத்தைத் தந்து சுமையைத் தான் ஏற்கிறது.

மின்தேக்கியின் அளவு

சைகையோடு வரும் நேர்மின்னழுத்தத்தைத் தடுக்க வெளியீட்டில் ஒரு மின்தேக்கி வைப்பர். இதன் அளவில் பலரும் தவறு செய்கின்றனர். மின்தேக்கி எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சைகையைக் குறைக்கத் தொடங்கும் என்பதை f = 1 ÷ (2πRC) என்னும் சமன்பாடு தருகிறது.

படத்துக்கு R = 150 ஓம். 10 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கியை வைத்தால் f ஏறத்தாழ 106 ஹெர்ட்ஸ். படமோ நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரும்ப வரைவது. ஆகவே திரையின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே ஒளிர்வு சாய்ந்துவிடும். 220 மைக்ரோ ஃபாரடு வைத்தால் f 5 ஹெர்ட்சுக்கும் குறைவு. படம் நிலையாக நிற்கும். ஒலிக்கோ உள்ளீட்டு மின்தடை 10,000 ஓம் எனக் கொண்டால், அதே 10 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கி 1.6 ஹெர்ட்ஸ் வரை இடம் தருகிறது. அது தாராளமாகப் போதும். ஒரே உறுப்பு ஓரிடத்தில் பொருந்துவதும் வேறிடத்தில் பொருந்தாமையும் அது காணும் சுமையைப் பொறுத்தவை.

ஒலியை எடுத்தல்

சில்லில் இரண்டு ஒலி வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 16 ஒலியளவு நிலைகளும், சுருதியை வகுக்க 32 எண்களும் அமைந்துள்ளன. சுருதியின் படிகள் மிகக் குறைவாதலால் இசை சற்றே அபசுரமாக ஒலிப்பது இக்கருவியின் இயல்பு. எந்த மாற்றமும் அதனைத் திருத்தாது. பலகையில் இவ்விரு வழிகளும் ஒன்றாகவே இணைக்கப்பட்டுள்ளன. இணைந்த அவ்விடத்திலிருந்து மின்தேக்கி வழியே ஒலியை எடுத்தால் இரைச்சல் நீங்கித் தெளிவாகக் கேட்கும். இரண்டையும் பிரித்து இடம், வலம் என ஆக்குவோரும் உளர். ஆனால் அதற்குப் பலகையின் தடத்தை வெட்டவோ சில்லின் முனையைத் தூக்கவோ நேரிடும். மேலும் ஒன்றாகக் கேட்பதற்கென அமைத்த ஒலிகள் இரு காதுகளிலும் பிளவுபட்டு ஒலிப்பது எல்லா விளையாட்டுக்கும் இனிமை தராது.

பணி முடிந்தபின் பண்பேற்றியின் இணைப்பைத் துண்டித்து வைப்பது நன்று. இல்லையேல் 4.5 மெகா ஹெர்ட்ஸ் அலை புதிய படத்திலும் கசியக்கூடும்.

மாற்றத்தின் எல்லை

எஸ்-வீடியோ முறையில் விளிம்புகள் கூர்மை பெறுகின்றன. ஆயினும் நிறம் ஒளிர்வளவு கூர்மை பெறுவதில்லை. பெட்டியின் நிறப்பகுதி ஏறத்தாழ 0.5 மெகா ஹெர்ட்ஸ் வரை மட்டுமே இடம் தருமாயின், அதன் ஓர் அலைக்கு 3.58 ÷ 0.5, அதாவது ஏறத்தாழ 7 புள்ளிகளின் அகலம் தேவை. ஆகவே ஒரு நிறம் மற்றொன்றாக மாறுவதற்கு மூன்று நான்கு புள்ளிகள் ஆகிவிடும்.

வேறு கருவிகளில் எல்லை இன்னும் நெருக்கமானது. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ கருவியில், ஒளிர்வும் நிறமும் சில்லின் உள்ளேயே கலந்து ஒரே முனையில் வெளிவருகின்றன. அங்கும் டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டு காம்போசிட் சைகையை எடுக்கலாம். ஆனால் தனித்தனி நிறங்களைக் கம்பி இழுத்துப் பெற முடியாது. சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்துத் தரும் வேறு சில்லை விளையாட்டுக் கூடத்து இயந்திரங்களிலிருந்து எடுத்துப் பொருத்தினர். அதிலோ வண்ணங்கள் சற்றே வேறுபட்டன. ஊற்றுக்கண்ணிலேயே கலந்துவிட்ட நீருக்குத் தலைமடையும் கடைமடையும் ஒன்றே.

எது உண்மையான படம்?

இங்கு வேறொரு வினாவும் எழுகிறது. மங்கல் முழுவதும் குறைதானா? 1991இல் செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவிக்கு வெளிவந்த ‘சோனிக்’ விளையாட்டில் அருவி ஒன்று உண்டு. அதனை நெருக்கமான செங்குத்துக் கோடுகளாக வரைந்துள்ளனர். காம்போசிட் இணைப்பில் அக்கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் உள்ளவை தெரியும் நீராகக் காட்சி தருகின்றன. தெளிவான இணைப்பில் பார்த்தாலோ வெறும் கோடுகளே தெரிகின்றன. மங்கலையே தூரிகையாகக் கொண்டு வரையப்பட்ட படமும் உண்டென்பதை இது காட்டுகிறது. ஆகையால் கருவியை மாற்றுமுன், அதன் படம் எந்தத் திரையை எண்ணி வரையப்பட்டது என்பதையும் சிந்திக்க வேண்டும்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

இச்சில்லு இப்போது உற்பத்தியில் இல்லை. கையிலுள்ள நிலைமின்னேற்றமோ, சால்டரிங் அயர்னின் மிகுவெப்பமோ அதனை அழித்துவிட்டால், மற்றொரு பழைய கருவியைக் குலைத்தே மாற்றுச் சில்லைப் பெற வேண்டியிருக்கும். எனவே தரையிணைப்பு செய்துகொண்டு பணிபுரிக. பலகையை வெட்டாமல், முன்னிருந்த நிலைக்குத் திருப்பக்கூடிய முறையையே தேர்ந்தெடுக்க. கழற்றிய உறுப்புகளைக் குறிப்பெழுதிப் பாதுகாத்து வைக்க. கருவியினுள் இயங்குவது 9 வோல்ட்டும், அதிலிருந்து பெறும் 5 வோல்ட்டுமே. ஆனால் படக்குழாய்த் தொலைக்காட்சியின் உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். அதனை எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது.

முடிவுரை

இம்மாற்றம் படத்திற்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. 160 புள்ளிகள் 160 புள்ளிகளாகவே இருக்கும். 128 வண்ணங்கள் கூடா. பிறந்தபோது இருந்த தெளிவு வழியில் இழக்கப்படாமல் காக்கப்படுகிறது, அவ்வளவே. ஓர் அமைப்பைச் சீர்ப்படுத்த விரும்புவோர் அதன் இறுதியில் புதுக்கருவிகளை அடுக்குமுன், இழப்பு எங்கே தொடங்குகிறது என்று பின்னோக்கிச் சென்று காண வேண்டும். அவ்விடத்தைக் கண்டபின் தேவைப்படுவன சில மின்தடைகளும், ஒரு டிரான்சிஸ்டரும், பொறுமையுள்ள கையுமே.