தியாகராச விலாசம்

தாம்பரத்தினின்று தெற்கே செல்லும் இருப்புப்பாதை சிங்கப்பெருமாள் கோவிலைக் கடந்து செங்கற்பட்டை அடையும். அதனை அடுத்துள்ள திருத்தலம் திருக்கழுக்குன்றம். இரண்டாம் உலகப் பெரும்போர்க் காலத்தில், சென்னையில் குண்டு விழும் என்று அஞ்சி மக்கள் பலர் நகரைவிட்டு நீங்கினர். அவ்வாறு திருக்கழுக்குன்றம் சேர்ந்த முதியவர் ஒருவர், 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் 28-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். அவரே மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர்.

திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர். திருவாரூர்ப் பெருமானை நினைந்து இட்ட பெயரோ எனக் கேட்போர் எண்ணக்கூடும். அஃது ஐயரோடு ஒரே ஆசிரியரிடம் பாடங்கேட்ட தியாகராச செட்டியார் என்னும் புலவர் பெயர்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் இறைவனடி சேர்ந்தார். இறுதி வேளையில் அருகிலிருந்து திருவாசகம் படித்தவர் ஐயர். அப்பொழுது அவருக்கு இருபத்தொரு வயதும் நிறையவில்லை. தாயும் தந்தையுமாய் நின்று தமிழூட்டிய ஆசான் மறைந்ததனால் அவர் நிலைகலங்கினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்துத் தாமே பாடமும் சொல்லிவந்தார்.

அத்துயரம் செட்டியாருக்கும் உரியதே. திருச்சிராப்பள்ளியில் பிள்ளையவர்களிடம் கற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கியவர் அவர். ஆசானை நினைந்து அழுதலோடு அவர் அமையவில்லை. ஆசான் விட்டுச்சென்ற இளைய மாணவரின் வாழ்வைத் தம் பொறுப்பாகக் கருதினார்.

1880-ஆம் ஆண்டில், உடல்நலங் குன்றிய செட்டியார் வேலையினின்று ஓய்வுபெற எண்ணினார். அவ்விடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் எனக் கல்லூரித் தலைவர் கோபால ராவிடம் எடுத்துரைத்தார். பின்பு திருவாவடுதுறைக்குத் தாமே சென்றார். ஐயரைப் பிரிய மனமில்லாத தேசிகரையும் இசைவித்தார். அவ்வாண்டு பிப்பிரவரித் திங்களில், மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஐயர் அக்கல்லூரியில் அமர்ந்தார்.

அவ்வுதவியின் பயனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டிலேயே கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயரைச் சீவகசிந்தாமணியின்பால் திருப்பினார். 1887-இல் அந்நூல் அச்சேறியது. பின்னர்ப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. கும்பகோணம் சென்றிராவிடில் ஐயர் முதலியாரைக் காணும் வாய்ப்பு நேர்ந்திருக்குமோ என்பது ஐயமே. செட்டியார் 1888-இல் மறைந்தார். தாம் கைதூக்கி விட்டவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்த பின்னரே அவர் கண்மூடினார்.

ஐயர் அந்நன்றியை மறந்தாரல்லர். செட்டியாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். தம் வீட்டிற்கும் அவர் பெயரை இட்டார். வீட்டிற்கு வருவோரும் அஞ்சல் எழுதுவோரும் நாள்தோறும் அப்பெயரைச் சொல்லும்படி செய்தார். அவ்வில்லம் 2012-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது.

துன்பம் இருவருக்கும் பொதுவாக வரும்பொழுது, தம் துன்பத்தையே எண்ணியிருத்தல் எவர்க்கும் இயல்பு. தம் கண்ணீரினூடே பிறர் கண்ணீரையும் காண்பவர் சிலரே. செட்டியார் அத்தகையவர். அவர் துடைத்தது ஓர் இளைஞரின் கண்ணீர்; அதனால் நலம்பெற்றது தமிழ்நாடு முழுவதும் ஆகும்.