வானத்திற்கு யார் பொறுப்பு?



தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, அப்பகுதி மக்களின் சீவியம் மழையோடு பிணைந்துள்ளது. மழை பொய்த்தால் கொழுந்து குறையும். கொழுந்தின் நிறை காணாவிட்டால் அரைப்பேர்தான் விழும். ஆகவே, மழையிலும் வெயிலிலும் மனிதன் கைவைக்கலாமா, அதற்கு யாரிடம் அனுமதி பெறுவது என்ற கேள்வி விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று.

நம் நாட்டிலேயே மழையில் கைவைத்துப் பார்த்தாயிற்று. 2019 மார்ச் வரட்சியின்போது, விமானப்படை விமானமொன்று மவுசாகலை நீர்த்தேக்கப் பகுதியின் மேல் முகில்களில் இரசாயனப் பொருள் தூவிச் செயற்கை மழை பெய்வித்தது. தாய்லாந்து நிபுணர் உதவினர். நோக்கம் மின் உற்பத்தி. ஒரு நீர்த்தேக்கம், சிறிது நேர மழை, அவ்வளவே.

இன்று உலகில் பேசப்படுவதோ வெயிலையே தணிக்கும் திட்டம். 1991 யூனில் பிலிப்பைன்சின் பினாத்துபோ எரிமலை வெடித்து, ஒன்றரைக் கோடித் தொன்னுக்குக் குறையாத கந்தக வாயுவை வான்வெளியில் உயரே வீசியது. அது மெல்லிய திரையாகப் படர்ந்து சூரிய ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பவே, மறு ஆண்டில் பூமியின் வெப்பம் சுமார் அரைப் பாகை செல்சியஸ் குறைந்தது. இதையே விமானங்களால் செய்யலாம் என்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் உலகின் நிலப்பரப்பில் மழையும் குறைந்தது என்பதை மறக்கலாகாது. (எரிமலை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, உண்மைதான். மனிதன் கேட்க வேண்டுமல்லவா?)

அத்திரை ஓரிரு ஆண்டுகளில் கலைந்துவிடும். எனவே தூவிக்கொண்டே இருக்க வேண்டும். புகையைக் குறைக்காமல் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வெப்பம் சில ஆண்டுகளுக்குள் மேலெழும். தொடங்குவது இலகு, விடுவதுதான் கடினம்.

மவுசாகலையில் விமானம் பறந்த அதே மார்ச் மாதத்தில், இத்தகைய முயற்சிகளையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் ஆராய வேண்டுமென, நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றாடல் பேரவையில் சுவிற்சர்லாந்து பிரேரித்தது. அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் எதிர்த்தன. பிரேரணை வாபஸ் பெறப்பட்டது. 2024இலும் அதே கதி. அப்போது ஆபிரிக்க நாடுகள், ஆராய்வதல்ல, பயன்படுத்தாதிருக்க உடன்படுவதே தேவை என்று வாதிட்டன. அவர்கள் பக்கமே நியாயம் அதிகம் என்று எமக்குத் தோன்றுகிறது. மழையை நம்பிப் பிழைப்பவர்கள் அவர்களும் நாமும்தான்.

காலநிலை எல்லோருக்கும் உரிய பொதுநலன் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தமது நிருபத்தில் எழுதினார். ஆயினும் இதற்கென உலக நாடுகளை ஒருங்கே கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் இன்னும் உருவாகவில்லை. எங்கோ ஒரு வல்லரசு தூவியதால் நமது பருவமழை பிசகினால், அரைப்பேர் விழுந்த அந்தக் கொழுந்துக்காரி யாரிடம் முறையிடுவாள்?