கம்ப்யூட்டருக்குச் சூடு பிடித்தால்...

சென்ற கோடையில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் மதியம் இரண்டு மணிக்கு மேல் பட்டென்று அணைய ஆரம்பித்தது. கரன்ட் போகவில்லை, யு.பி.எஸ். கத்தவில்லை, மகள் அசைன்மென்ட் அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிடும். பார்க்க வந்தவர் முதல் வாரம் விண்டோஸை அழித்து மறுபடி போட்டார். இரண்டாம் வாரம் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது உள்ளே மின்சாரம் தரும் பெட்டி, போய்விட்டது என்று மாற்றினார். மூன்றாம் வாரமும் அணைந்தது. வெறுத்துப்போய் நானே பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனுக்கு நான்கு கால்கள். அதில் ஒன்று போர்டில் இறங்காமல் தூக்கிக்கொண்டு நின்றது. கட்டை விரலால் அழுத்தினேன். ‘டக்’. அதோடு அணைவது நின்றது. அந்த ‘டக்’குக்கு முன்னால் எங்களுக்கு ஆன செலவு மூவாயிரத்துச் சொச்சம்.

மேசைக்கடியில் இருக்கும் பெட்டியைத்தான் நாம் சிபியு என்கிறோம். நிஜமான சிபியு, அதாவது பிராசசர், அதற்குள் சுமார் நாலு சென்டிமீட்டர் சதுரத்தில் இருக்கும் ஒரு வில்லை. சாதாரண வீட்டு பிராசசர் பலவற்றுக்கு 65 வாட் என்று போட்டிருப்பார்கள். பழைய குண்டு பல்பு 60 வாட். எரியும்போது அதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சூடு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூடு பிராசசர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் வழியாக, அதற்கு மேல் உட்காரும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்குக்குப் போய், ஃபேன் காற்றில் கலந்து, பெட்டியை விட்டு வெளியேற வேண்டும். வழியில் எங்கே அடைத்தாலும் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘ஹேங் ஆகுது’ என்று நாம் திட்டுவது பல சமயம் இதைத்தான். அப்படியும் அடங்கவில்லை என்றால் இயந்திரத்தையே மொத்தமாக அணைத்துவிடும்.

செலவில்லாததில் தொடங்கிச் செலவு வைப்பதில் முடிகிற வரிசையில் குறிப்புகளைத் தந்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

1. மூடியைத் திறப்பதற்கு முன், அணைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஆன் செய்து ஓரிரு நிமிஷத்திலேயே அணைந்தால் ஃபேன் ஓடவில்லை, அல்லது ஹீட் சிங்க் சரியாகப் படியவில்லை. அரைமணி, முக்கால்மணி கழித்து என்றால் தூசியையும் காய்ந்த பேஸ்ட்டையும் சந்தேகப்படலாம். அணைந்த உடனே மறுபடி போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணைகிறதா, ஆறவிட்டுப் போட்டால் பழையபடி நேரம் தாங்குகிறதா? அப்படியானால் பெரும்பாலும் சூடுதான். சூடு ஏறாத காலை வேளையில், எந்தக் கணக்கும் இல்லாமல் அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் பார்க்கலாம். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் எனக்கு ஒரு எஸ்.எம்.பி.எஸ். மிச்சம்.

2. எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் வெப்பநிலை வராது. கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ மானிட்டர் போன்ற சின்ன மென்பொருள்கள் இலவசம்; அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி, வேலை செய்யும்போது 60 முதல் 80 என்றால் கவலையில்லை. சமீப கால இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசனில் மாடலைப் பொறுத்து 90, 95. 60 முதல் 80 என்ற கணக்குக்கு ரைசன் 7000 வரிசை விதிவிலக்கு, கனமான வேலையில் 95 வரை போவது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது. விண்டோஸ் வருவதற்குள் அணைந்துவிட்டால், அதற்கு முன்னால் திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போங்கள்; ‘ஹார்டுவேர் மானிட்டர்’ அல்லது ‘பிசி ஹெல்த்’ என்ற பக்கத்தில் எண் இருக்கும். பயாஸில் பிராசசர் ஓய்வெடுப்பதில்லை, அதனால் அங்கே கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். பயப்பட வேண்டாம்.

அறைச் சூட்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அறை 10 டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும். எங்கள் வீட்டில் மூன்று கால் ஊன்றியபடியே மார்கழி முழுக்க ஓடிய இயந்திரம் சித்திரையில் படுத்ததற்குக் காரணம் இதுதான்.

3. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, யார் வேலை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் எதுவுமே செய்யாதபோது சிபியு 90, 100 சதவீதம் காட்டினால் ஆன்டிவைரஸ் ஸ்கேனோ விண்டோஸ் அப்டேட்டோ நடந்துகொண்டிருக்கலாம். மணிக்கணக்கில் அப்படியே நின்றால், திருட்டு கேம் கூடவே வந்த கிரிப்டோ மைனராகவும் இருக்கலாம். நம் வீட்டு மின்சாரத்தில் எவனோ காசு பார்க்கிறான் என்று அர்த்தம்.

4. பெட்டியை வெளியே இழுங்கள். கம்ப்யூட்டர் டேபிளில் சிபியுவுக்கென்று கதவு போட்ட அறை ஒன்று வைத்துத் தருகிறார்களே, அதைப்போல ஒரு கெட்ட யோசனை கிடையாது. பின்பக்கம் வெளியேறிய சூடான காற்று சுவரில் முட்டித் திரும்பி முன்பக்கம் வழியாக மறுபடி உள்ளே போகும். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். தூசி படுமே என்று போர்த்தும் துணியை, அணைத்து ஆறிய பிறகு போர்த்துங்கள்.

கூடவே ஒரு சோதனை. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்து எண்ணைப் பாருங்கள். ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால் பெட்டிக்குள் காற்றோட்டம் போதவில்லை. இறங்கவே இல்லை என்றால் கோளாறு ஹீட் சிங்க்கிலோ பேஸ்ட்டிலோ இருக்கிறது. பார்த்ததும் மூடிவிடுங்கள். திறந்த சிபியு பல்லிக்கு வெதுவெதுப்பான வீடு. ஃபேனில் அடிபட்ட பல்லியை நான் ஒருமுறை எடுத்திருக்கிறேன், மறுபடி எடுக்க விருப்பமில்லை.

5. தூசி தட்டுவதிலும் முறை உண்டு. ஸ்விட்சை அணைத்து, வயரையும் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோங்கள். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கை ப்ளோயர் போதும், கூட ஒரு பெயின்ட் பிரஷ்.

ஃபேனின் மேல் தெரியும் தூசி பெரிய விஷயமில்லை. அதற்கு அடியில், ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, மெத்தைப் பஞ்சு மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். காற்றை அடைப்பது அதுதான். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ‘விர்ர்’ என்று சுற்றவிட்டு வேடிக்கை பார்த்தால் பேரிங் போகும். வீடு பெருக்கும் வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதன் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

எப்போதெல்லாம் செய்வது? வருஷம் ஒருமுறை ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறோமே, அன்றைக்கே மூடியையும் திறந்தால் மறக்காது. ரோட்டோர வீடு, ஊதுபத்தி சாம்பிராணி தினமும் ஏற்றும் வீடு, விசைத்தறி ஓடும் தெரு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

6. ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது ஆன் செய்து தள்ளி நின்று பார்த்தால் போதும். ஏதாவது வயர் இறக்கையில் மாட்டியிருக்கலாம். ஃபேனின் வயர் போர்டில் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதிய இடத்தில்தான் சொருகியிருக்க வேண்டும். ஆன் செய்ததும் ‘சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும்’ என்று வந்தால், தினமும் எஃப்1 அழுத்திப் பழகிக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. வேண்டாம். கரகரவென்று கத்தும் ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் புது ஃபேன் வாங்கும்வரை ஓடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், கொஞ்ச நாளில் பிசினாகிவிடும்.

7. நான்கு கால்களுக்கு வருவோம். இன்டெல் பிராசசரோடு வரும் வட்டமான ஃபேனில் நான்கு மூலையிலும் கறுப்புத் தலையுள்ள பிளாஸ்டிக் பின் இருக்கும். தலையில் ஒரு அம்புக்குறி. கழற்றுவதற்கு அம்பு காட்டும் திசையில் திருப்பி மேலே இழுக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் அதை எதிர்த்திசையில் திருப்பி வைத்துவிட்டு, நேராக அழுத்த வேண்டும். எல்லாரும் இங்கேதான் குழம்புகிறார்கள்: திருகினால் மாட்டும் என்று நினைத்துத் திருகுவார்கள், அது மாட்டாது, அவிழும்.

அழுத்தும்போது எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். வரிசையாக அழுத்தினால் முதல் பக்கம் உட்கார்ந்து அடுத்த பக்கம் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றும் ‘டக்’ என்ற சத்தத்தோடு இறங்க வேண்டும். போர்டு லேசாக வளையும், பரவாயில்லை. முடிந்ததும் ஃபேனைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள், ஆடக் கூடாது. போர்டின் பின்பக்கம் தெரிகிற மாதிரி கேபினட் இருந்தால் அங்கேயும் பாருங்கள். வெள்ளைக் கவடு விரிந்து, நடுவில் கறுப்புப் பின் எட்டிப் பார்த்தால் கால் ஊன்றிவிட்டது. கவடு விரியாமல் மடங்கியிருந்தால் பின் கெட்டுவிட்டது, புதிதாக மாற்ற வேண்டும்.

8. தெர்மல் பேஸ்ட். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்தே ஆக வேண்டும். அப்படியே திரும்ப வைத்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் பளபளவென்று துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். விரலால் தடவ வேண்டாம், ஹீட் சிங்க்கின் அழுத்தமே பரப்பிவிடும். தோசைக்கு நெய் மாதிரி தாராளம் காட்டினால் சூடு குறையாது, வழிந்து போர்டில் இறங்கும். பற்பசை, வாசலின் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். சில நாளில் காய்ந்தோ உருகியோ போய், முன்னைவிட மோசமாகும்.

ஏஎம்டி ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் கழற்றும்போது கூடுதல் நிதானம் காட்ட வேண்டும். காய்ந்த பேஸ்ட் பசையாகி, ஹீட் சிங்க்கை மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் இருக்கும் ஊசிகள் வளைந்தால் அந்த பிராசசர் வீணாகிவிடலாம். பத்து நிமிஷம் இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து வயரைப் பிடுங்கிய பிறகு, ஹீட் சிங்க்கை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி தளர்ந்ததும் தூக்குங்கள்.

புது ஹீட் சிங்க் வாங்கினால் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதை உரிக்காமல் மாட்டியவர்கள் நிறையப் பேர்.

9. கேபினட் ஃபேன்களின் திசை. முன்பக்கம் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ள வேண்டும். ஃபேனில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கமாகத்தான் பொதுவாகக் காற்று வெளியே வரும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு டிஷ்யூ தாளைக் காட்டிப் பாருங்கள்.

10. பயாஸில் ஃபேன் ‘சைலன்ட்’ என்றிருந்தால் ‘ஸ்டாண்டர்டு’க்கு மாற்றுங்கள். பையன் யாராவது ஓவர்கிளாக் செய்து, அதாவது வேகத்தைக் கூட்டி, வைத்திருந்தால் ‘டீஃபால்ட்’டுக்குத் திருப்புங்கள். கோடையை மட்டும் தள்ளினால் போதும் என்பவர்களுக்கு: விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ 100 என்றிருப்பதை 99 ஆக்குங்கள். அந்த ஒரு சதவீதம் டர்போ வேகத்தையே நிறுத்திவிடும். டைப் அடிக்க, யூடியூப் பார்க்க வித்தியாசம் தெரியாது, வெப்பம் நன்றாக இறங்கும்.

11. வாட்டர் கூலிங் வைத்திருப்பவர்கள் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். பிராசசர் கொதிக்க, ஒன்று சூடாகவும் மற்றது ஜில்லென்றும் இருந்தால் பம்ப் ஓடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும்.

12. ஃபேன் மாற்ற சென்னை ரிச்சி தெருவுக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போகும்போது ‘இன்டெல் ஃபேன்’ என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய ஃபேனைக் கையில் எடுத்துப் போங்கள், எத்தனையாவது தலைமுறை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வாங்கும் கோர் ஐ3, ஐ5களில் 11-ஆம் தலைமுறை வரை துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர். 12-இல் இருந்து 78. மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனாலும் கால் இறங்காது.