ஏரிக்கரையில் ஒரு மாயா ஊர்



மாயா என்றதும் காட்டுக்குள் இருக்கும் பிரமிடுகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். "அந்த மக்கள் மறைந்தே போய்விட்டார்கள்" என்றும் சிலர் சொல்வார்கள். மறைந்தது பழைய நகரங்கள்தான், மக்கள் இல்லை. மத்திய அமெரிக்காவில் இன்றும் பல லட்சம் மாயா மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊர் ஒன்றைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயர் சாண்டியாகோ அதித்லான்.

அமைவிடம்

மெக்சிகோவுக்குத் தெற்கே குவாத்தமாலா என்ற நாடு இருக்கிறது. அதன் மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் அதித்லான் ஏரி உள்ளது. சுமார் 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெரிய எரிமலை ஒன்று வெடித்தது. வெடித்த இடம் உள்வாங்கிப் பெரிய பள்ளமானது. அதில் தண்ணீர் சேர்ந்துதான் இந்த ஏரி உண்டானது. ஆழம் 300 மீட்டருக்கும் அதிகம், அதாவது ஆயிரம் அடி!

ஏரியின் தென்கரையில் அதித்லான், தோலிமான், சான் பெத்ரோ என்று மூன்று எரிமலைகள் நிற்கின்றன. தோலிமானுக்கும் சான் பெத்ரோவுக்கும் நடுவில் ஒரு சிறு வளைகுடா. அதன் கரையில்தான் நம்ம ஊர்... மன்னிக்கவும், அவங்க ஊர்! படிக்கப் படிக்க எனக்கு நம்ம ஊர் மாதிரியே ஆகிவிட்டது.

இந்த ஏரிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆறுகள் உள்ளே வருகின்றன, ஆனால் ஒரு ஆறும் வெளியே போகாது. தண்ணீர் நிலத்துக்கடியில்தான் கசிந்து போகிறது. அதனால் ஏரியில் சேரும் அழுக்கு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. 2009-ஆம் ஆண்டு ஒருவகைப் பாசி பெருகி ஏரியின் பெரும்பகுதி பச்சையாகிவிட்டது.

மக்களும் பண்பாடும்

இங்கே வாழ்பவர்கள் ட்ஸுதுஹில் என்ற மாயா இனத்தார். அவர்கள் மொழிக்கும் அதே பெயர்தான். ஸ்பானிஷ் மொழி வந்து 500 ஆண்டுகள் ஆகியும் வீட்டிலும் சந்தையிலும் தாய்மொழியே பேசுகிறார்கள். மக்காச்சோளம்தான் முக்கிய உணவு. நம் நாட்டில் விளையும் மக்காச்சோளத்துக்கும் அமெரிக்கக் கண்டம்தான் பூர்வீகம்.

பெண்கள் இடுப்புத் தறியில் துணி நெய்கிறார்கள். தறியின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறு முனையைத் தங்கள் இடுப்பில் வாரால் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நெய்வார்கள். துணியில் பறவைகளைப் பூவேலையாகத் தைப்பார்கள். பல மீட்டர் நீளமுள்ள சிவப்பு நாடாவைத் தலையைச் சுற்றி வட்டமாகச் சுற்றிக்கொள்வது இவ்வூர்ப் பெண்களின் பழைய வழக்கம். அதற்குத் தோக்கோயால் என்று பெயர்.

உங்களுக்குத் தெரியுமா?
குவாத்தமாலாவின் 25 சென்டாவோ காசில் இந்தத் தலைநாடா அணிந்த பெண்ணின் முகம் இருக்கிறது. அவர் ராணி இல்லை, தலைவரும் இல்லை. இதே ஊரைச் சேர்ந்த கொன்செப்சியோன் ராமிரெஸ் என்ற பெண். 2021-இல் காலமானார்.

வரலாறு

முற்காலத்தில் ட்ஸுதுஹில் மக்களின் தலைநகரம் வளைகுடாவின் எதிர்க்கரையில் இருந்தது. 1524-இல் பெத்ரோ தே அல்வராதோ என்ற ஸ்பானியத் தளபதி படையோடு வந்து அதைப் பிடித்தார். பிறகு 1547-இல் பாதிரியார்கள் மக்களை இப்போதுள்ள இடத்தில் குடியேற்றினார்கள். மக்கள் கிறித்தவத்தை ஏற்றார்கள், ஆனால் பழைய வழிபாட்டையும் விடவில்லை. மாஷிமோன் என்ற மரச்சிலைக்குத் தொப்பியும் துணிகளும் அணிவித்து, சுருட்டும் மதுவும் படைக்கிறார்கள். அந்தச் சிலைக்குத் தனிக்கோயில் கிடையாது. ஆண்டுதோறும் ஒவ்வொரு வீடாக மாறும்.

1960 முதல் 1996 வரை குவாத்தமாலாவில் உள்நாட்டுப் போர் நடந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மாயா மக்களே. 1980-இல் இந்த ஊருக்கு அருகே ராணுவம் முகாம் போட்டது. அதன்பின் பலர் காணாமல் போனார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். இரவில் வீட்டில் தூங்கப் பயந்து மக்கள் தேவாலயத்தில் வந்து படுத்தார்கள். அவர்களுக்குத் துணையாக இருந்த ஸ்டான்லி ரோதர் என்ற அமெரிக்கப் பாதிரியாருக்கும் கொலை மிரட்டல் வந்தது. அவர் தன் நாட்டுக்குப் போனார், ஆனால் மனசு கேட்காமல் சில மாதத்திலேயே திரும்பி வந்துவிட்டார். 1981 ஜூலை 28 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் உடல் சொந்த நாட்டுக்குப் போனது. இதயத்தை மட்டும் ஊர் மக்கள் கேட்டு வாங்கித் தங்கள் தேவாலயத்தில் வைத்துக்கொண்டார்கள்.

1990 டிசம்பர் 1 இரவு குடித்திருந்த சில சிப்பாய்கள் ஊருக்குள் வந்து தொல்லை செய்தார்கள். உடனே தேவாலய மணி அடித்தது. ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். விடிவதற்குள் வெள்ளைக் கொடி பிடித்து முகாமுக்கு நடந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. ராணுவம் சுட்டது. 13 பேர் இறந்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு.

இதற்குப் பிறகு ஊர் என்ன செய்தது தெரியுமா? ஓடி ஒளியவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. "முகாமை எடுங்கள்" என்று மனு எழுதினார்கள். எழுதத் தெரிந்தவர் கையெழுத்துப் போட்டார், தெரியாதவர் கைரேகை வைத்தார். அதே மாதத்தில் ராணுவம் வெளியேறியது! சுடப்பட்ட இடம் இன்று அமைதிப் பூங்கா. கைநாட்டு என்றால் கேலியாக நினைக்கிறோம் இல்லீங்களா? அந்தக் கைநாட்டுதான் அங்கே துப்பாக்கியை வெளியே அனுப்பியது. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

துன்பம் அதோடு முடியவில்லை. 2005 அக்டோபரில் ஸ்டான் புயல் மழையால் எரிமலைச் சரிவிலிருந்து சேறு இறங்கி, அருகிலுள்ள பானபாஹ் பகுதியை இரவில் மூடியது. நூற்றுக்கணக்கானோர் புதைந்தார்கள். ஆனாலும் ஊர் இருக்கிறது. தறி ஓடுகிறது, மொழி வாழ்கிறது.

விடை சொல்லுங்கள் பார்க்கலாம்:
1. அதித்லான் ஏரியில் சேரும் அழுக்கு ஏன் எளிதில் வெளியேறுவதில்லை?
2. தோக்கோயால் என்பது என்ன?
3. 1990-இல் ஊர் மக்கள் ராணுவத்தை எப்படி வெளியேற்றினார்கள்?

(விடைகள் இந்தத் தாளிலேயே இருக்கின்றன. மறுபடி ஒருமுறை படிங்க!)

— ஒன்பதாம் வகுப்பு மாணவி