சுழலும் காருக்கு எதற்கு டர்போ?

கேள்வி: ‘கிரான் டூரிஸ்மோ 7’ விளையாட்டில் டிராக்‌ஷன் கண்ட்ரோல், ஏபிஎஸ் இரண்டையும் அணைத்தால் கார் சுழன்றுவிடுகிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். என்ஜினை மேம்படுத்தினால் சரியாகுமா? — ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஆகாதுங்க, இன்னும் வேகமாகச் சுழலும். கேலி செய்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: 2005இல் நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணிக்கு ஓட்டியபோது ஃபார்முலா ஒன்னிலேயே டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு அனுமதி இருந்தது. 2008இல்தான் தடை வந்தது.

இரண்டையும் ஒரே நாளில் அணைத்ததுதான் வினை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஒவ்வொரு எண்ணாகக் குறையுங்கள். வளைவு முடிந்து ஸ்டியரிங் நேராகும் அளவுக்குத்தான் ஆக்சிலரேட்டர். ஏபிஎஸ்ஸைக் கடைசியில் தொடுங்கள். அது இல்லாமல் பிரேக்கை ஓங்கி அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; பூட்டிக்கொண்ட சக்கரம் திரும்பாது. ஆகவே நேர்கோட்டில் பிரேக்கை அழுத்தி, திரும்பத் தொடங்கும்போது மெல்ல விட வேண்டும். இது கைக்கு வரத்தான் நாளாகும்.

காசு இருந்தால் முதலில் டயர். டர்போ போட்டால் காரின் திறனைக் காட்டும் பிபி (PP) மதிப்பு எகிறி, வரம்புள்ள பந்தயங்களில் நுழையவே முடியாது.

பெரிய கார் மோகத்தையும் கொஞ்சம் ஒத்திவைக்கலாம். பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது மாருதி 800 என்ஜின்தான். நரேனும் அந்த வகைக் காரில் ஓட்டியவர்தான். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் நடக்கும்போது போய் நின்று பாருங்கள், பொள்ளாச்சியிலிருந்து பக்கம்தானே. யார் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.