புலவர் நினைவுப்பொருளைக் காக்கும் முறை

புலவர் கையாண்ட எழுத்தாணியும் ஏடும் போற்றற்குரியன. ஆயினும் பூட்டிவைத்தல் ஒன்றே காத்தலாகாது. தில்லையிலே மூவர் கைக்குறியிட்டுப் பூட்டிய அறையில், தேவார ஏடுகளுட் பலவற்றைக் கறையான் அரித்ததெனத் திருமுறைகண்ட புராணம் கூறும். எஞ்சியவற்றை வெளிக்கொணர்ந்து தொகுத்தமையாலேயே இன்று நாம் ஓதுகின்றோம்.

சாந்திநிகேதனத்திற் காட்சிக்கு வைத்திருந்த இரவீந்திரநாத் தாகூரின் நோபல் பதக்கம் 2004 ஆம் ஆண்டிற் களவுபோயிற்று. பதக்கம் போயினும் பாடல்கள் போகவில்லை. அவை அச்சேறிப் பலர் நாவில் நிற்பன.

பெல்மதுளைத் தோட்டங்களிலோ நிலை வேறு. கும்மியும் தாலாட்டும் பாடிய நம் முன்னோர் பலர் எழுத்தறியாதார். அவர் விட்டுச்சென்ற நினைவுப்பொருள் பாட்டு ஒன்றேயாம். மலையகத் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) இதனை நன்குணர்ந்தவர்.

ஆதலின், மாணாக்கர் வீட்டிற் பழைய பாட்டுக் கொப்பியோ கடிதமோ இருப்பின், அதனை வாங்கி வைத்துக்கொள்ளற்க. படியெடுத்து, பாடியவர் பெயர், தோட்டம், தந்தவர், ஆண்டு என்பவற்றைக் குறித்து, மூலத்தை உரியவரிடமே சேர்ப்பிக்க. குறிப்பில்லாப் பொருள் யாருடையதென எவர் அறிவார்? மழை மிக்க இந்நாட்டிற் காகிதம் நெடுநாள் நில்லாது. முதியோர் நினைவும் அத்தகையதே. இத்தவணையிலேயே தொடங்குக.